தபசிலில் இருக்கும் அடிமை

பிரிந்து போகிற நாடு ஒவ்வொன்றும் ஒரு பத்திரம் எழுதிவிட்டுத்தான் போகிறது. கொடியும் படையும் பின்னால் வருகின்றன. இந்தப் பத்திரங்களைச் சரித்திரக்காரர்கள் காரணங்களுக்காகப் படிக்கிறார்கள். அரசியல்காரர்கள் கோஷங்களுக்காகப் படிக்கிறார்கள். இலக்கிய விமர்சகர்கள் படிப்பதில்லை. அவை இலக்கியம் அல்ல என்பது நம் நினைப்பு. ஆனால் ஒரு சொல் எங்கே நேர்ப்பொருளில் நிற்கிறது, எங்கே உருவகமாகிறது, யார் வாயில் உருவகமாகிறது என்று பார்ப்பது விமர்சகனின் வேலைதான் என்றால், இந்தப் பத்திரங்கள் அவனுக்கும் உரியவை. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லை முன்னிட்டே இந்தக் கட்டுரை. அடிமை என்பது அந்தச் சொல்.

அடமானப் பத்திரங்களோடு புழங்குகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பத்திரத்தின் முன்பகுதியில் எழுதிக்கொடுப்பவரின் தகப்பனார் பெயர், குடும்ப அவசியம், முழுமனச் சம்மதம் எல்லாம் வரும். கடைசியில் தபசில் வரும். சர்வே நம்பர், நான்கு எல்லை, கிணறு, மரவகை. கட்டுப்படுவது தபசிலில் உள்ளது மட்டுமே. முன்பகுதி எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் தபசிலில் இல்லாத ஒரு சென்ட் நிலத்தை அது கொண்டுவந்துவிடாது. பிரிவினைப் பத்திரங்களையும் இப்படிப் படித்துப் பார்க்கலாம். முகப்புரையில் சுதந்திரம், மானம், பூர்வீகம். தபசிலில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கூச்சமில்லாமல் பதில் எழுதிவைத்தவர்கள் அமெரிக்கத் தென்மாநிலத்தார். 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா ஐக்கிய நாடுகளிலிருந்து விலகியது. நான்கு நாள் கழித்து அதற்கான காரணங்களைப் பிரகடனமாக வெளியிட்டது. ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் திருப்பித் தரும் கடமையை வடமாநிலங்கள் நிறைவேற்றவில்லை என்பது அதன் தலையாய புகார். எஜமான் தன் அடிமையுடன் தங்கள் எல்லைக்குள் கடந்துபோவதற்குக்கூட நியூயார்க் போன்ற மாநிலங்கள் இடம் தருவதில்லை என்பது இன்னொன்று. மிஸிஸிப்பி இன்னும் நேராகப் பேசியது. தன் நிலை அடிமை முறையோடு முற்றாகப் பிணைந்தது என்று இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, பிரியாவிட்டால் நானூறு கோடி மதிப்புள்ள சொத்தை இழக்க வேண்டும் என்று தொகையையும் குறித்தது. அந்தச் சொத்து மனிதர்கள். 1860 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 40 லட்சம் பேர். தபசில் இதைவிடத் துல்லியமாக இருக்க முடியாது.

பிரிந்த மாநிலங்கள் 1861 பிப்ரவரியில் அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் கூடி, கான்ஃபெடரஸி என்ற புதிய கூட்டரசை அமைத்தன. மார்ச் 11 அன்று அதன் நிரந்தர அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. பெரும்பகுதி பழைய சட்டத்தைப் பார்த்து எழுதியது. எனவே எங்கே மாற்றினார்கள் என்று பார்ப்பது சுலபம். 1787ல் எழுதப்பட்ட பழைய சட்டத்தில் அடிமை என்ற சொல்லே கிடையாது. 'மற்ற நபர்கள்' என்றும், 'உழைப்புக்குக் கட்டுப்பட்ட நபர்' என்றும் சுற்றிவளைத்திருப்பார்கள். அடிமைகளை வைத்திருந்தவர்களே அதை எழுதியவர்களில் பலர். ஆனாலும் அந்தச் சொல்லை எழுதக் கை கூசியிருக்கிறது. அடிமை முறை என்ற சொல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் முதன்முதலாக ஏறியது 1865ல், அதை ஒழித்த 13வது திருத்தத்தில்தான். கான்ஃபெடரஸியின் சட்டத்துக்கு அந்தக் கூச்சம் இல்லை. நீக்ரோ அடிமைகள் மீதான சொத்துரிமையை மறுக்கவோ குறைக்கவோ எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது என்று வெளிப்படையாக எழுதியது. புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளிலும் அடிமை முறை காக்கப்படும் என்று எழுதியது. மாநில உரிமைக்காகப் பிரிந்தார்கள் என்று பின்னால் சொல்லப்பட்ட இந்தச் சட்டத்தில், ஒரு மாநிலம் பிரிந்துபோகும் உரிமை பற்றி வெளிப்படையான ஒரு ஷரத்தும் இல்லை. பத்து நாள் கழித்து, மார்ச் 21 அன்று, ஜார்ஜியாவின் ஸவானா நகரில் பேசிய அதன் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமில்லை என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

தோற்ற பிறகு நடந்தது விமர்சகனுக்கு இன்னும் முக்கியம். அதே ஸ்டீஃபன்ஸ் 1868லும் 1870லும் இரண்டு தொகுதிகளாகப் பெரிய புத்தகம் எழுதினார். போர் நடந்தது மைய அதிகாரத்துக்கும் கூட்டாட்சித் தத்துவத்துக்கும் இடையே என்பது அதன் வாதம். அடிமை அதில் ஒரு சந்தர்ப்பம் மட்டும். தபசிலைக் கிழித்துவிட்டு முகப்புரையை மட்டும் வைத்துக்கொள்கிற காரியம் இது. கிழிந்த பிறகு முகப்புரைக்கு ஓர் அழகு வந்துவிடுகிறது. தோற்ற கனவான்கள், எரிந்த மாளிகைகள், மண்ணின் மணம். அதற்குப் பின் பல தலைமுறை அமெரிக்கர்கள் படித்த கதை இதுதான். சினிமாவும் அதைத்தான் சொன்னது.

இதில் நமக்கு, அதாவது இப்படிப்பட்ட பத்திரிகைகளை நடத்தி, எழுதி, ஒருவரையொருவர் படித்துக்கொண்டிருக்கும் நமக்கு, ஒரு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. கவிதையைக் கவிதையாக மட்டும் படி, கவிஞனின் வாழ்க்கையையும் காலத்தையும் வெளியே நிறுத்து என்ற பாடத்தை ஆங்கில இலக்கிய வகுப்புகளில் நமக்குக் கற்றுக்கொடுத்தது அமெரிக்கப் புது விமர்சனம். 1959 ஜனவரி முதல் 1970 வரை 'எழுத்து' பத்திரிகையை நடத்திய சி.சு. செல்லப்பாவின் அலசல் விமர்சனத்துக்கும் அந்த உரம் உண்டு. அந்தப் புது விமர்சனத்தின் பிதாக்கள் யார்? ஜான் க்ரோ ரான்ஸம், ஆலன் டேட், ராபர்ட் பென் வாரன். மூவரும் தென்னாட்டார். 1930ல் பன்னிரண்டு தென்னாட்டார் சேர்ந்து வெளியிட்ட, இயந்திர வடக்குக்கு எதிராக வேளாண் தெற்கை உயர்த்திப்பிடித்த கட்டுரைத் தொகுப்பில் மூவரும் எழுதினார்கள். டேட் அதற்கு முந்திய வருஷங்களில் கான்ஃபெடரஸியின் தளபதி ஜாக்ஸனுக்கும் தலைவர் ஜெஃபர்ஸன் டேவிஸுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதியவர். அதன் போர்வீரர் கல்லறையை வைத்து எழுதிய நீண்ட கவிதை அவரது புகழ்பெற்ற கவிதை. வாரன் அந்தத் தொகுப்பில் எழுதியது கறுப்பர்களைத் தனியே வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு ஆதரவான கட்டுரை. பின்னாளில் அவர் அந்த நிலையிலிருந்து முற்றாக விலகினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முறை பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. முறையைக் கண்டவர்கள் அதைக் கவிதையோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். சொல்லைச் சொல்லாக நிறுத்தி, அடுத்த சொல்லோடு ஒப்பிட்டு, எது விடப்பட்டிருக்கிறது என்று கேட்கும் அதே அலசலை மிஸிஸிப்பியின் பிரகடனத்துக்கும் செய்திருந்தால், அவர்கள் ஏங்கிய தெற்கின் மூலைக்கல் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். நாம் முறையை இரவல் வாங்கினோம். அதன் எல்லையையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

தமிழில் இந்தச் சொல்லின் கதை வேறு மாதிரிப் போகிறது. அமெரிக்காவில் அடிமை என்ற சொல் கூச்சத்தால் மறைந்தது. நமக்கோ அந்தச் சொல் பக்தியால் புனிதமாகிவிட்டது. அடியார், ஆட்கொள்ளல், ஆட்படல் எல்லாம் இனிய சொற்கள். முண்டியம்பாக்கத்திலிருந்து அதிக தூரமில்லாத திருவெண்ணெய்நல்லூரில்தான் தமிழ் இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற அடிமை வழக்கு நடக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் கதை. கல்யாணப் பந்தலில் கிழவராக வரும் சிவன், மணமகன் சுந்தரர் தனக்குப் பரம்பரை அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைக் கிழித்துவிடுகிறார். மூல ஓலை வெண்ணெய்நல்லூர்ச் சபையில் நீட்டப்படுகிறது. பாட்டனின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்று சபை தீர்ப்புச் சொல்கிறது. அடிமைத்தனமே அருளாக மாறுகிற அற்புதம் பிறகு நிகழ்கிறது.

இந்த அற்புதத்தில் நெகிழ்கிறவர்கள் சுந்தரர் எழுப்பும் முதல் ஆட்சேபத்தைக் கவனிப்பதில்லை. மனிதன் மனிதனுக்கு அடிமையாவதா என்று அவர் கேட்கவில்லை. ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாகும் வழக்கம் உண்டா என்றுதான் கேட்கிறார். சபைக்கும் அதுவே வியப்பு. அடிமை ஓலை என்ற ஒன்று இருப்பதில் யாருக்கும் வியப்பில்லை. கையெழுத்தைச் சரிபார்க்கும் நடைமுறைகூட அவர்களுக்குப் பழக்கமாக இருக்கிறது. உருவகம் நிற்பது அந்தப் பழக்கத்தின் மேல். 1201ல், பஞ்சத்தில், ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அவர் வாயில் அடிமை என்பது உருவகம் அல்ல. ஆண்டவனுக்கு அடிமை என்று உயர்குலத்தான் சொல்வதில் உள்ள பணிவின் சுவை, அருகே நிஜ அடிமை ஒருவன் மௌனமாக நிற்பதால் கிடைக்கிற சுவை. அவன் பேச ஆரம்பித்தால் சுவை கெட்டுவிடும்.

இந்த மௌனத்தை அரசியல் பத்திரம் ஒன்றில் கேட்க யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். 1706ல் டச்சு ஆளுநர் ஸிமோன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த கிளாஸ் ஐஸாக்ஸ் அந்த ஊரின் வழக்கங்களைத் தொகுத்தார். 1707ல் அது கையளிக்கப்பட்டது. பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். அதுதான் தேசவழமை. சீதனம், முதுசம், தோட்டம், ஒற்றி எல்லாவற்றோடும் அடிமைகள் பற்றிய பகுதியும் அதில் உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று நான்கு வகை. அவர்களின் கடமை, அவர்கள் பிள்ளைகள் யாருக்குச் சேரும், அவர்கள் இறந்தால் பொருள் யாருக்கு என்று கணக்குத் தீர்க்கப்பட்டிருக்கிறது. நிலத்தைப் போல, மாட்டைப் போல, அவர்களும் தபசிலில் இருக்கிறார்கள். ஆங்கிலேயர் 1806ல் அதை அப்படியே சட்டமாக ஏற்றார்கள். 1844ல் இலங்கையில் அடிமை முறை ஒழிந்தது. அந்தப் பகுதி செத்தது. சீதனமும் காணியும் பற்றிய பகுதிகள் வடமாகாணத் தமிழர்க்கு இன்றும் சட்டம். ஆனால் பட்டியலில் இருந்தவர்கள் செத்த ஷரத்தோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை. அவர்களில் பலரின் சந்ததி அதே காணிகளின் ஓரத்தில், அதே குடிமைக் கடமைகளோடு, அதே பெயர்களால் அழைக்கப்பட்டு வாழ்ந்தது. கோயிலும் கிணறும் தேநீர்க் கடையும் அவர்களுக்கு மூடியிருந்தன. 1957ல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸார் அடித்தார்கள். 1968ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

மாவிட்டபுரம் வாசலை மறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர். இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்னையில் அரசை விட்டு வெளியே வந்தவர். 1950களின் இறுதியிலேயே தனி ஈழம் கேட்டவர். அதைக் கேட்ட முதல் சிலரில் ஒருவர். கோயிலுக்குள் வந்தவர்களைத் தடுத்ததற்காக 1957 சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்கு நடந்தது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஒரே மனிதர் கொழும்பைப் பார்த்து விடுதலை கேட்டார்; வாசலில் நின்றவர்களைப் பார்த்து வழமை பேசினார். இதை வேஷம் என்று தள்ளிவிடுவது சுலபம். அவருக்கு அதில் முரண் இல்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது. தன் வழமையைத் தானே காத்துக்கொள்ளும் உரிமைக்குத்தான் அவர் விடுதலை என்று பெயர் வைத்திருந்தார். தென் கரோலினாக்காரன் ஒருவன் அவரைப் புரிந்துகொண்டிருப்பான்.

இங்கே நின்று ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஈழக் கோரிக்கை சாதியைக் காப்பாற்ற எழுந்தது என்று சொல்வது அவதூறு. சிங்களம் மட்டும் சட்டம் 1956ல், கலவரம் 1958ல், பௌத்தத்துக்கு முதன்மை தந்த அரசியல் சட்டம் 1972ல், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் அதே காலத்தில். 1981ல் யாழ் நூலகம் எரிந்தது. 1983 ஜூலை. இந்தக் குறை நிஜம். 2009 மே வரை சிந்திய ரத்தமும் நிஜம். மாண்ட்கமரியில் கூடியவர்கள் அடிமையை வைத்துக்கொள்ளப் பிரிந்தார்கள். வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் 1976 மே 14 அன்று கூடியவர்கள் தாங்கள் ஒடுக்கப்பட்டதால் பிரியக் கேட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒப்பிடக் கூடியது ஒரு சொல்லின் இடத்தை மட்டும்.

செல்வநாயகம் தலைமையில் தமிழர் விடுதலைக் கூட்டணி நிறைவேற்றிய அந்தத் தீர்மானம் 1972 அரசியல் சட்டம் தமிழரை ஓர் அடிமைத் தேசமாக்கிவிட்டது என்கிறது. சிங்களவர் புதிய காலனி எஜமானர் என்கிறது. இது உருவகம். வலுவான உருவகம், அன்று அதைக் கேட்டவர்களின் நெஞ்சில் தைத்த உருவகம், 1977 தேர்தலில் 18 இடங்களை அந்தக் கூட்டணிக்குக் கொடுத்த உருவகம். ஆனால் அது பேசப்பட்ட மண்ணில் அந்தச் சொல்லுக்கு ஒரு நேர்ப்பொருள் இருந்தது. சட்டப் புத்தகத்தில் 1844 வரை இருந்தது. பட்டியலில் யார் எஜமான், யார் அடிமை என்று குலப்பெயரோடு இருந்தது. தேசம் முழுவதையும் அடிமை என்று அழைத்தவுடன், எஜமானின் பேரனும் அடிமையின் பேரனும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். ஒற்றுமைக்கு இது தேவை என்று சொல்லலாம். ஒருவன் கணக்கை இன்னொருவன் கணக்கில் எழுதித் தீர்த்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

தீர்மானத்தை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. அமையப்போகும் அரசில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை சட்டத்தால் தண்டிக்கப்படும் என்று தனி ஷரத்து இருக்கிறது. கான்ஃபெடரஸியின் சட்டத்துக்கு நேர் எதிரான ஷரத்து இது; அந்தப் பெருமையை மறுக்கக் கூடாது. ஆனால் அதன் வினைமுற்றைப் பாருங்கள். ஒழிக்கப்படும். மொழியும் நிலமும் பறிபோனது நடந்த காரியமாக, தேதியோடு சொல்லப்படுகிறது. சாதி மட்டும் வரப்போகும் அரசின் வேலையாக ஒதுக்கப்படுகிறது. எட்டு வருஷத்துக்கு முன் மாவிட்டபுரத்தில் நடந்ததற்கு வரப்போகும் அரசு தேவைப்படவில்லை. வாசலைத் திறந்தால் போதுமாக இருந்தது.

இன்னோர் இடமும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தனி அரசு விஷயத்தில் தன் மாற்றுக் கருத்தைத் தெரிவித்திருப்பதை அந்தத் தீர்மானமே குறித்துக்கொள்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழ்கிறவர்கள் என்பதையும் குறிக்கிறது. 1948, 1949 சட்டங்களால் ஏறக்குறைய ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவரானார்கள். ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசில் அமைச்சராகச் சேர்ந்ததை ஏற்காமல் செல்வநாயகம் விலகி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பது சரித்திரம். அவர்களுக்காக ஒரு கட்சி பிறந்தது. கேட்ட நாட்டின் எல்லை அவர்கள் குடியிருந்த லயன்களுக்கு வெளியே நின்றது. தனி அரசின் குடியுரிமையை இலங்கையின் எந்தப் பகுதியில் வாழும் தமிழரும் பெறலாம் என்று தீர்மானம் சொல்கிறது. தேயிலையை விட்டுவிட்டு வந்தால் பெறலாம். கங்காணியின் கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி கட்டிவைத்த துண்டு முறை 1921 வரை இருந்த மக்களுக்கு, அடிமைத் தேசம் என்ற உருவகம் எவ்வளவு புதிதாக ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. எஞ்சியவர்க்கு முழுக் குடியுரிமைச் சட்டம் வந்தது 2003ல்.

இதையெல்லாம் எழுத்தில் சொன்னவர் இல்லையா என்றால், இருந்தார். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972ல் வந்தது, வட்டுக்கோட்டைக்கு நான்கு வருஷம் முந்தி. அவர் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தில் நின்றவர். 1986ல் தஞ்சாவூரில் காலமானார். அவரிடம் கலை போதாது, பிரசாரம் அதிகம் என்பது இங்கே பொதுவாகச் சொல்லப்பட்ட தீர்ப்பு. கலையின் குறை இருக்கட்டும். டானியலிடம் அடிமை உருவகமாகவே ஆவதில்லை என்பதுதான் நமக்கு இடைஞ்சல் என்று தோன்றுகிறது. யார் வீட்டில் யார் என்ன வேலைக்குப் போக வேண்டும், எந்தக் கிணற்றில் கை வைக்கக் கூடாது, எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறான் என்று அவர் எண்ணிக்கொண்டே போகிறார். அது தபசில் எழுதுகிற நடை. உருவகத்தில் பழகிய ரஸனைக்கு அது வறட்சியாகத்தான் படும். இங்கே 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்ததை வைத்து வந்த 'குருதிப்புன'லில் இந்திரா பார்த்தசாரதி நிலக்கிழாரின் கொடுமைக்கு அவரது ஆண்மைக் குறைவைக் காரணமாக வைத்தார். கூலிக்கணக்கு பின்னால் போய், மனக்கணக்கு முன்னால் வந்தது. அதற்கு நம்மிடம் வாசகர்கள் கிடைத்தார்கள். 1977ல் சாகித்ய அகாதமிப் பரிசும் கிடைத்தது. ஒன்றைத் தாழ்த்தி இன்னொன்றை உயர்த்துவதற்கு இதைச் சொல்லவில்லை. எதை நாம் ஆழம் என்று அழைக்கப் பழகியிருக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் பக்கத்துப் பிரிவினைப் பேச்சும் இந்தச் சொல்லில் மிதந்ததுதான். 1940களில் தொடங்கி, 1963ல் தி.மு.க. கைவிடும் வரை, திராவிட நாட்டுக் கோரிக்கையின் மேடைகளில் தெற்கு வடக்குக்கு அடிமை. சுயமரியாதை இயக்கத்திலிருந்து கிளைத்த அந்தப் பேச்சுக்குச் சாதி தெரியாது என்று சொல்ல முடியாது. தமிழ் நாட்டில் அதைப் பற்றி அவ்வளவு உரத்துப் பேசியவர்கள் வேறு யார்? ஆனால் வடவனுக்கு நாம் அடிமை என்ற வாக்கியத்தில், 'நாம்' என்பதற்குள் பண்ணையாரும் படியாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மட்டும்தான் அப்படி உட்கார முடிந்தது.

தென்னாற்காட்டில் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் பழைய விஷயமாகவே இல்லை. 1843ன் ஐந்தாம் சட்டம் இந்தியாவில் அடிமை முறையை ஒழித்தது என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அது யாரையும் விடுவிக்கவில்லை. அடிமை மீதான உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்காது என்றது, அவ்வளவுதான். எஜமான் வழக்குப் போட முடியாது. வழக்குப் போடத் தேவையில்லாத எஜமானுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றானது 1862ல் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தபோது. ஓலை போய்க் கடன் சீட்டு வந்தது. படியாள் என்ற பெயர் நீடித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த வருஷம் 1976. வட்டுக்கோட்டைத் தீர்மானமும் அதே வருஷம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தேசம் தன்னை அடிமை என்று அறிவித்தபோது, இந்தப் பக்கம் ஒரு சட்டம் அடிமைகள் இன்னும் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் நம் கவிதைகளில் எத்தனை இடத்தில் வந்திருக்கிறார்கள்? அதே வருஷங்களில் நாம் எழுதிய கவிதைகளில் மனிதன் காலத்துக்கு அடிமை, பிரக்ஞைக்கு அடிமை, மொழிக்கு அடிமை.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிப் போன இருளர் குடும்பங்கள் இந்த நூற்றாண்டிலும் மீட்கப்பட்டிருக்கிறார்கள். மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் ஒரு விடுதலைச் சான்று தருகிறார். பெயர், கொத்தடிமையாக இருந்த இடம், கடன் ரத்து. அந்தக் காகிதத்தில் அடிமை என்ற சொல் நேர்ப்பொருளில் நிற்கிறது. வெண்ணெய்நல்லூர் ஓலையிலும் அப்படித்தான் நின்றது. அற்புதம் வந்து அதை மாற்றும் வரை. இந்தச் சான்றை மாற்ற எந்த அற்புதமும் வருவதில்லை. கொண்டுபோனவர் நிவாரணத்துக்கும் பட்டாவுக்கும் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்.

பிரிவினை வேண்டும், வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் பிரச்னையல்ல. ஒடுக்கப்பட்ட மக்கள் பிரிந்துபோகக் கேட்கலாம்; அந்தக் கேள்வி நியாயமானதாகவும் இருக்கலாம். விமர்சகன் கேட்க வேண்டியது இது. தன்னை அடிமை என்று சொல்கிற அந்த 'நாம்' தனக்கு அடிமையாக இருந்தவனைப் பற்றிப் பத்திரத்தில் எங்கே எழுதியிருக்கிறது, எந்தக் காலத்தில் எழுதியிருக்கிறது? மிஸிஸிப்பி முதல் பக்கத்தில், நிகழ்காலத்தில், சொத்தாக எழுதியது. வட்டுக்கோட்டை கடைசிப் பகுதியில், எதிர்காலத்தில், வாக்குறுதியாக எழுதியது. திராவிட நாட்டுக்காரர்கள் பத்திரமே முடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனால் மூன்றையும் ஒரே கண்ணால் படிக்கலாம், கவிதையைப் படிக்க நாம் பழக்கிய அதே கண்ணால்.

அதற்கு முன்னால் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. நம் பத்திரிகைகளின் பழைய இதழ்களை எடுத்து, அடிமை என்ற சொல் வருகிற கவிதைகளை மட்டும் தனியே நகல் செய்து, எத்தனையில் அது ஓர் ஆளைக் குறிக்கிறது என்று யாராவது எண்ணட்டும். எண்ணிக்கையை அடுத்த இதழில் போடலாம்.